பூட்டை ஆட்டினால் பூனை அழும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் வந்திருந்தார்.

பதறாதீர்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். வந்தது வீட்டுச் சொந்தக்காரர் அண்ணாச்சி. இரண்டு பேருக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் ஒரு விதவை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேச வேண்டியிருக்கிறது பாருங்கள். ‘வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று ஒரு முறை ஒரு கடையில் சொல்லிவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் நெற்றியைப் பார்த்த பார்வை இருக்கிறதே... விடுங்கள்.

அண்ணாச்சி கடலை மிட்டாய் வியாபாரி. தங்கமான மனுஷர். எப்போது வந்தாலும் கையில் ஒரு பொட்டலம் மிட்டாய் இருக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு வந்தார். அப்போதே எனக்குத் திக்கென்றது.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லுதேன், தப்பா நெனச்சிராதீங்க. பூனை வளக்குறது உங்க இஷ்டம். வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா அது பகல் பூரா கத்துதாம்லா? பக்கத்து போர்ஷன் நர்ஸம்மா ராத்திரி முழுக்க டூட்டி பாத்துட்டு வந்து படுக்குது. கண்ணசர முடியலைன்னு சொல்லுது. பாவம்லா?”

“பாவந்தான் அண்ணாச்சி.”

“இந்த மாசம் முடியட்டும். சத்தம் நின்னுட்டுன்னா சரி. இல்லன்னா எங்கேருந்து கொண்டாந்தீங்களோ அங்கனயே கொண்டுபோய் விட்ருங்க. என்ன?”

தலையை ஆட்டினேன். குற்றவாளி பீரோவுக்கு மேலே உட்கார்ந்து அண்ணாச்சியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வீட்டில் இருக்கிறேன் அல்லவா? அதனால் ஒரு சத்தம் இல்லை. “இதுவா கத்துது?” என்று அண்ணாச்சிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அது எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் என் பள்ளித் தோழி மங்கை இருக்கிறாள். கோவில்பட்டிக்காரிதான், கட்டிக்கொடுத்த ஊர் மதுரை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, கைவிடப்பட்ட நாய் பூனைகளை வைத்துப் பராமரிக்கிற காப்பகம் ஒன்றுக்கு உதவிக்குப் போகிறாள். நான் கண் டெஸ்ட்டுக்காக மதுரை போனபோது என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனாள். பூனை வளர்க்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. சத்தியமாக இல்லை. வரிசையாகக் கூண்டுகள். ஓரத்துக் கூண்டில் சாம்பல் நிறத்தில் ஒன்று எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. ‘ஜூலி’ என்று அட்டை எழுதி மாட்டியிருந்தார்கள். ஜூலி, ஜூலி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். காதுகூட அசையவில்லை.

“ஏட்டி, இங்கன வா, இந்தக் குட்டியளப் பாரு” என்று அந்தப் பக்கத்திலிருந்து மங்கை என்னைக் கூப்பிட்டாள்.

இரண்டு பேர் திரும்பினோம் — நானும், பூனையும்!

வயதான ஒருவர் வளர்த்தது, அவர் தவறிவிட்டார் என்று மட்டும் மங்கை சொன்னாள். அந்தப் பெரியவரும் நம் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பூனையை யார், பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, ஏட்டி என்று கூப்பிடுவார்கள்? என்னை ஏட்டி என்று கூப்பிட மங்கையை விட்டால் இன்றைக்கு ஆளில்லை. அதற்கு அந்த ஒருவரும் இல்லை. பழக்கூடை ஒன்று வாங்கி, மூடியைச் சணலால் கட்டி, அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

சாத்தூர் வரைக்கும் கூடைக்குள் மூச்சுக் காட்டவில்லை. சாத்தூர் தாண்டியதும் ஒரு சத்தம் கொடுத்தது பாருங்கள் — முழு பஸ்ஸும் திரும்பியது.

“கூடைக்குள்ள என்னம்மா?” என்றார் கண்டக்டர்.

“பூனை.”

“மதுரையிலேருந்தா? ஏன், கோவில்பட்டியில பூனை கெடைக்கலையாக்கும்?”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்கேயோ மகனுக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாராம். “பூனை குறுக்க போனாலே ஆகாதும்பாங்க. இது கூடவேலா வருது!” என்று முனகிக்கொண்டே எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சம்பந்தம் முடிந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் ஞாயிறு. ஏட்டி — பெயர் அதுவாகவே அமைந்துவிட்டது — மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்தாள். சமையலறைக்கு வந்தால் சமையலறை, பின்கட்டுக்குப் போனால் பின்கட்டு. குடத்தை எடுத்தால் குடத்துக்குப் பின்னால், துணி காயப்போட்டால் கொடிக்குக் கீழே. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன், எதிரே உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக நான் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எதிரே ஆள் இருந்தால்தானே உட்கார்ந்து சாப்பிடத் தோன்றும்?

திங்கட்கிழமை ஆரம்பித்தது வினை.

நான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்தையே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். காலையில் போனால் திரும்ப விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். அன்று திரும்பி வந்தபோது பக்கத்து போர்ஷன் செல்வி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் அண்ணாச்சி சொன்ன நர்ஸம்மா. கண் இரண்டும் சிவந்திருந்தது.

“அக்கா... அதுக்கு வயிறு கியிறு வலிக்கோ? ஒரே அழுகை” என்றாள். முதல் நாள் என்பதால் மரியாதையாகக் கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் செய்யாத வைத்தியம் இல்லை. கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பாடு வைத்தேன். என் பழைய சேலை ஒன்றை மடித்து அட்டைப் பெட்டியில் மெத்தை போட்டேன். நூலில் காகிதம் கட்டித் தொங்கவிட்டேன். ஆள் சத்தம் இருந்தால் தேவலை என்று ரேடியோவைப் போட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் செல்வி சொன்னாள் — “அக்கா, பூனை மட்டும்னாக்கூடத் தாங்கிக்கிடுவேன். ரேடியோவுல வெவசாயச் செய்தி கேட்டுக்கிட்டே பூனையும் கத்துனா மனுசி எப்படி ஒறங்குறது?”

கால்நடை டாக்டரிடம் போனேன். வாசலில் இரண்டு எருமை, ஒரு கிடாரி, நான்கைந்து வெள்ளாடு. எல்லாம் முடிந்து என் முறை வந்தது. பூனைக்கு என்ன என்றார். ‘தனியா இருக்க முடியல டாக்டர்’ என்றேன். நிமிர்ந்து பார்த்தார். பூனையை அல்ல, என்னை.

நல்ல டாக்டர். பொறுமையாகச் சொன்னார். “கெளம்பும்போது ரொம்பக் கொஞ்சாதீங்க. வந்த ஒடனேயும் கொஞ்சாதீங்க. போறதும் வாரதும் ஒரு பெரிய விசயமே இல்லன்னு அதுக்குத் தோணணும். கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க.”

போவதும் வருவதும் பெரிய விஷயமே இல்லையாம்! எனக்கே அது இன்னும் பழகவில்லை, பூனைக்கு எப்படிப் பழக்குவது? இருந்தாலும் டாக்டர் சொன்னபடி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கிளம்பிப் பார்த்தேன். அழுகை நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி வெறுங்கையோடு வந்தார்.

அண்ணாச்சி போனதும் நேரே செல்வியிடம் போனேன். கோபமாகத்தான் போனேன். என்னிடமே பேசித் தீர்க்காமல் வீட்டுக்காரர்வரைக்கும் போவதா? தண்ணீர் வருகிற நாளில் எனக்கும் சேர்த்து அவள் குடம் நிரப்பி வைப்பாள், அவள் ஊருக்குப் போனால் நான் நிரப்பி வைப்பேன். அப்படிப் பழகிவிட்டு...

செல்வி அழாத குறை. “நான் போயி சொல்லலக்கா. ஏன் மூஞ்சி இப்படி இருக்குன்னு அண்ணாச்சிதான் கேட்டாவ. நான் என்னத்தச் சொல்ல? வார்டுல நின்னுகிட்டே தூங்குதேன்க்கா. ஊசி போடுற கை இது.”

என் கோபம் இறங்கிவிட்டது. வீட்டுக்குக் கிளம்பினேன். அவள்தான் கூப்பிட்டாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது. நீங்க காலையில பூட்டிட்டுப் போறீங்கல்லா, அப்ப அது கத்துறது இல்ல. லேசா மொனங்கும், அவ்ளோதான். நானும் ஒறங்கிருவேன். செத்த நேரங்கழிச்சு நீங்க திரும்ப வாரீங்க. பூட்டைப் பிடிச்சு டக்கு டக்குன்னு ஆட்டுதீங்க. போயிருதீங்க. அதுக்குப் பொறவுதான் ஆரம்பிக்கி. சாயங்காலம்வரைக்கும் ஓயாது.”

“அப்படியா...?”

“பின்ன? போனவிய போயிட்டாவன்னா அதுவா மனசத் தேத்திக்கிடுது. வந்துட்டு, உள்ள வராமப் போனா? எந்தச் சீவன்தான் தாங்கும்?”

வீட்டுக்கு வந்து கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். கீழே, பூட்டு தொங்கும் பக்கமாக, பெயின்ட் உரிந்து கோடு கோடாக இருந்தது.

வாசகர்களே, உண்மையைச் சொல்லுங்கள். பூட்டை இழுத்துப் பார்க்காதவர்கள் உங்களில் எத்தனை பேர்? பூட்டுவோம், சாவியை எடுப்போம், இழுத்துப் பார்ப்போம். இது வரைக்கும் எல்லா வீட்டிலும் உண்டு. எனக்கு இதற்கு மேலும் ஒரு கட்டம் உண்டு. தெருமுனைவரை போவேன். ‘கேஸை அணைத்தோமா?’ என்று ஒரு சந்தேகம் வரும். வேலை தீப்பெட்டி ஆபீஸில். நெருப்பென்றால் எனக்குக் கூடுதல் பயம். விறுவிறுவென்று திரும்பி வருவேன். பூட்டை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். நிம்மதியாகப் போய்விடுவேன். கேஸ் பற்றிய சந்தேகம் பூட்டை இழுத்தால் எப்படித் தீரும் என்று கேட்காதீர்கள். தீரும். அப்படித்தான் தீரும்.

முன்பெல்லாம் எனக்கு இந்தப் பழக்கம் இல்லை. எப்படி இருக்கும்? அவர் இருந்தவரைக்கும் எங்கள் வீட்டுக்குப் பூட்டே கிடையாது. அவருக்கு மில்லில் ஷிஃப்ட். நான் வெளியே போனால் அவர் உள்ளே, அவர் போனால் மகள் உள்ளே. ஆள் இருக்கிற வீட்டுக்குப் பூட்டு எதற்கு? அவர் போய், மகளும் கல்யாணமாகி மெட்ராஸ் போன பிறகுதான் கடைத்தெருவில் போய்ப் பூட்டுக் கேட்டேன். ‘பெருசா, சிறுசா?’ என்றார் கடைக்காரர். இருப்பதிலேயே பெரியதை வாங்கினேன். அன்றிலிருந்து இழுத்துப் பார்க்கிறேன்.

அன்று மத்தியானமே மங்கைக்கு போன் செய்தேன். பூனையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் செய்தேன். இந்தப் பூட்டு விஷயத்தையும் சொன்னேன்.

“ஏட்டி, ஒன்ட்ட முழுசா சொல்லல நான். சொன்னா வாங்க மாட்டியோன்னு நெனச்சேன்” என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பெரியவர் தனியாக இருந்தவர். அவர் இறந்ததும் சொந்தக்காரர்கள் வந்தார்கள், காரியமெல்லாம் முடித்தார்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். கூட்டத்துக்குப் பயந்து பூனை பரண்மேல் ஒளிந்திருந்தது யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் நாணயமானவர். சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களே என்று தினமும் வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

“அவருக்குக் காது வேற மந்தம்ட்டி. அவர்ட்ட பூட்டைப் பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போயிருக்காவ. பூனையப் பாத்துக்கிடச் சொல்லல. கடைசியில ஒருநா கதவுக்கு அடியில ஒரு கால் வெளிய நீண்டுச்சாம். அதப் பாத்துட்டுத்தான் ஒடச்சிருக்காவ.”

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“நீ கொண்டாந்து விடணும்னா விடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு இது ரெண்டாம் தடவை ஆயிரும், பாத்துக்கோ” என்றாள் மங்கை.

ஏட்டி என் மடியில்தான் இருந்தாள். திருப்பிக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல வந்தவள் அதைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. என் மகளும் மாப்பிள்ளையும் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். ரயில் விடியற்காலையில் கோவில்பட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். ரயிலில் போகிற சொந்தக்காரர்களை ஸ்டேஷனில் போய்ப் பார்த்து, இட்லிப் பொட்டலம் கொடுத்து அனுப்புவது. நான் நாலரைக்கே எழுந்து இட்லி ஊற்றி, மிளகாய்ப் பொடி தடவி, வாழையிலையில் கட்டிக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் நின்றேன்.

ரயில் வந்தது. மகள் வாசலில் தூக்கக் கலக்கத்தோடு நின்றாள்.

“ஏம்மா, மெலிஞ்சிட்டியே?”

“அதெல்லாம் இல்ல. மாப்பிள்ளை எங்க?”

“மேல் பெர்த்துல தூங்குதாங்கம்மா. எழுப்பட்டா?”

“வேண்டாம், வேண்டாம். தூங்கட்டும். சூடா இருக்கும்போதே சாப்பிடச் சொல்லு.”

“திரும்பி வரும்போது கண்டிப்பா இறங்குதோம்மா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோம்.”

வண்டி நகர்ந்துவிட்டது. நான் அந்த இரண்டு நாளுக்காகப் போர்வையெல்லாம் துவைத்துப் போட்டேன், ஏட்டிக்கு அவர்களைப் பற்றிச் சொல்லி வைத்தேன். கல்யாணம் முடிந்து மகளிடமிருந்து போன் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம், அன்று சாயங்கால வண்டிக்கே டிக்கெட்டாம். மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன். இந்த முறை புளியோதரை. மாப்பிள்ளை விழித்திருந்தார், நன்றாகப் பேசினார். வண்டி கிளம்பி, கடைசிப் பெட்டியும் கண்ணுக்கு மறைந்தது. போர்ட்டர்களும் போய்விட்டார்கள். நான் மட்டும் வெறும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்துவிட்டு, உள்ளே வராமல் போனால்...

செல்வி சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மெட்ராஸிலேயே இருந்தால் ஒன்றுமில்லை. எனக்கும் அது பழகிவிட்டது. வாசல்வரைக்கும் வந்துவிட்டுப் போவதுதான் வலிக்கிறது. பூனையாக இருந்தால் கத்தியிருக்கலாம். ஐம்பது தாண்டிய பெண் பிளாட்பாரத்தில் நின்று கத்தினால் ரயில்வே போலீஸ் அல்லவா வரும்? பேசாமல் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஆனால் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். ஏட்டிக்கு இதை நான் செய்யக் கூடாது. திரும்பி வந்தால், உள்ளே வர வேண்டும். கேஸோ, பூட்டோ, குடையோ, எதற்காகத் திரும்பினாலும் சரி, கதவைத் திறந்து உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஒத்திகை. பூட்டினேன், நாலு வீடு தள்ளிப் போனேன், திரும்பி வந்தேன், திறந்தேன், உள்ளே போனேன். கொஞ்சவில்லை. டாக்டர் சொல்லியிருக்கிறாரே! சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி பூட்டினேன். இந்த முறை டீக்கடைவரை. அடுத்த முறை பிள்ளையார் கோவில்வரை. கரிசல் காட்டு வெயில் மண்டையைப் பிளக்கிறது. தெருமுனை ஆட்டோக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியைவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

“எங்கயும் போணுமாக்கா? ரொம்ப நேரமாப் போயிட்டுப் போயிட்டு வாரீங்களே?”

“இல்ல தம்பி. போறதுக்குப் பழகுதேன்.”

அவர் திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

ஒத்திகை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. ஆபீஸ் நாளில்தான் சோதனை. தெருமுனை வந்ததும் வழக்கம்போல் சந்தேகம் வந்தது. பாலைக் காய்ச்சினேனே... குமிழைத் திருகினேனா? கால் தானாகத் திரும்புகிறது. விதிப்படி வீட்டைத் திறந்து உள்ளே போனேன். அடுப்பு அணைந்து, ஆறிப்போய்க் கிடந்தது. ஏட்டி வந்து காலை உரசினாள். உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி கிளம்பினேன். ஆபீஸுக்கு லேட். மறுநாளும் லேட். அதற்கடுத்த நாள் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பூனைக்காகத் தாமதம் என்று ஒரு பெரிய மனுஷி எப்படிச் சொல்வது? வயிற்றுக் கோளாறு என்றேன்.

ஆட்டினால் சத்தம் வராத பூட்டாக மாற்றிவிடுங்கள் என்றாள் செல்வி. மாற்ற வேண்டியது பூட்டையா? என் கையை அல்லவா!

ஒரு நாள் காலை, பல்லைக் கடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. கேஸ் திறந்திருக்கிறது என்று உடம்பு முழுக்க அலறுகிறது. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் வீடு எரிகிற மாதிரியே இருந்தது. ஆபீஸில் கணக்கு ஓடவில்லை. மத்தியானம் தாங்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். சிரிக்கக் கூடாது.

என் வீட்டு நம்பருக்கே போன் போட்டேன்.

மணி அடித்தால் வீடு எரியவில்லை என்று அர்த்தம் அல்லவா? அடித்தது. நன்றாகவே அடித்தது. எடுக்க ஆளில்லை என்று தெரிந்தே ஒரு வீட்டுக்கு போன் செய்து, அது அடிக்கிறதைக் கேட்டுக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? மூன்று வருஷம் முன்னால் என்றால் ‘ஹலோ’ என்று ஒரு கரகரத்த குரல் எடுத்திருக்கும். ‘என்ன, கேஸா? அணச்சாச்சு, நீ வேலையப் பாரு’ என்று சொல்லியிருக்கும். வைக்க மனசில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர் மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்ததும்தான் வைத்தேன்.

சாயங்காலம் வீடு திரும்பினேன். செல்வி வாசலில் நின்றாள்.

“அக்கா, இன்னைக்கு மத்தியானம் உங்க வீட்டுல ஒரு போனு அடிச்சிச்சு பாருங்க, விடாம! யாருக்கா அது, அறிவு கெட்ட மூதி? நல்லா ஒறங்கிட்டுக் கெடந்தேன், எழுப்பி விட்டுட்டு!”

“ராங் நம்பரா இருக்கும் செல்வி” என்றேன். பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது. “என்னது... நல்லா ஒறங்குனியா?”

“ஆமாக்கா! பூனைச் சத்தமே இல்ல. செத்துகித்துப் போச்சோன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு. சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். போனு பக்கத்துல உக்காந்து அத மோந்துக்கிட்டு இருக்கு.”

உள்ளே போனேன். கொஞ்சக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், அன்றைக்கு நான் கேட்கவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுவில் ஒரு நாள் என்னை அறியாமல் போய்ப் பூட்டை ஆட்டிவிட்டேன்; அன்று செல்வி உறங்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மாதம் முடிந்தது. அண்ணாச்சி வந்தார். கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம்!

“பூனையக் கொண்டுபோய் விட்டுட்டீங்களாம்மா? சத்தமே இல்லையே?”

“உள்ளதான் இருக்கு அண்ணாச்சி.”

எட்டிப் பார்த்தார். ஏட்டி அட்டைப் பெட்டியில், என் சேலையில் சுருண்டு படுத்திருந்தாள். “அட! படிச்ச பூனையா இருக்கும்போல. சரி, இருந்துட்டுப் போட்டும்” என்று பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டேன். மங்கைக்கு போன் செய்து பீற்றிக்கொண்டேன். செல்வி கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. என் தோழிகளில் யாராவது பூனை வளர்த்தால் இந்த வைத்தியத்தைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

நேற்றுக் காலை வழக்கம்போல் பூட்டினேன். ‘போயிட்டு வாரேன் ஏட்டி’ என்றேன். அவள் சன்னலில் உட்கார்ந்து ஒரு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தெருமுனைக்குப் போனேன். நின்றேன். கேஸ் ஞாபகம் வரவில்லை. பூட்டு ஞாபகமும் வரவில்லை. பஸ் வருகிற நேரம், ஆனாலும் கால் நகரவில்லை. காது மட்டும் வீட்டுப் பக்கமே இருந்தது. ஆட்டோக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு உற்றுக் கேட்டும் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

நான் கிளம்பிப் போனால் அழுவதற்கு இந்த ஊரில் ஒரே ஒரு ஜீவன் இருந்தது... மெனக்கெட்டுப் பாடம் நடத்தி, அதையும் நானே நிறுத்திவிட்டேன்!